மணிக்கு முந்திய ரசீது

மணி அடிப்பதற்கு முன்னால் ரசீது எழுதினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பிறகு சொல்லத் தைரியம் வராது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் கோயில் மணியைத் துக்கத்துக்கென்று விட்டுவிட்டு அடிப்பார்கள். அதைக் கேட்டுத் தேரிக்காட்டில் வேலையாக நிற்கிறவர்கூடத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுப்பார். ஆச்சி இறந்த செய்தி அன்று காலை ஏழரைக்கு வந்தது. மணி அடித்தது பத்தேகாலுக்கு. நடுவில் இருந்த நேரத்தில் நாங்கள் கணக்குப் பார்த்தோம்.

"எவ்வளவு பாக்கி நிக்கி, பாருங்க அண்ணாச்சி" என்று கமிட்டியில் ஒருவர் போனில் கேட்டார். சபைக்கு நான்தான் பொருளாளர். நீள நோட்டை எடுத்துக் குடும்ப எண்ணைத் தேடிப் பக்கத்தைத் திருப்பினேன். சபைச் சந்தாவான சங்கம் இரண்டு வருஷம், 1,200 ரூபாய். கோயில் விருந்துக்கான அசன வரி இரண்டு தடவை. கட்டட நிதி 5,000-த்தில் ஒரு காசுகூட வரவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. போட்டது நான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஆச்சியின் தங்கை மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பஸ்ஸிலிருந்தே ஜிபே-யில் பணம் போட்டுவிட்டார். கட்டட நிதியைக் கமிட்டி பெரிய மனசு பண்ணித் தள்ளுபடி செய்தது. ரசீதில் பெயர் எழுதும் கோட்டில் ஆச்சியின் பெயரை எழுதினேன். 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்பது அச்சிலேயே உண்டு. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 2 கொரிந்தியர் 9:7. மனசோடும் மகிழ்ச்சியோடும் கொடுக்கிறவரைப் பற்றிய வசனம்.

கோயில்பிள்ளை அதுவரை மணிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கோபுரத்தடியில் நின்றார்.

அடக்கம் குறைவில்லாமல் நடந்தது. எங்கள் சபைக் குருவான ஐயர் நன்றாகப் பேசினார். மாற்றலாகி வந்த மூன்று வருஷத்தில் அவர் ஆச்சியை நேரில் பார்த்தது இரண்டு தடவைதான், இருந்தாலும் நன்றாகப் பேசினார். பாமாலையில் இரண்டு பாட்டுப் பாடினோம். கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டோம். வெளியூரிலிருந்து யாராவது வந்து பார்த்திருந்தால் நல்ல சபை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆச்சி பதினான்கு மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது தூணடியில், பாயின் ஓரமாக உட்காருகிறவர். புருஷன் பனையேறி, அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடகம், பெட்டி முடைந்து பிழைத்த கை. காணிக்கை எடுக்க முன்பு கோயிலில் இருந்த ஓலைப்பெட்டிகள் அவர் முடைந்தவை, வெல்வெட் பை வந்த பிறகு அவை காணாமல் போயின. இடுப்பெலும்பு ஒடிந்த பிறகு கட்டில்தான். இடம் காலியாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, எல்லோரும் கவனித்தோம். ஐயர் போயிருப்பார் என்று கமிட்டி நினைத்தது. சபை ஊழியர் வந்து சொல்லுவார் என்று ஐயர் நினைத்தார். சபை ஊழியருக்கு நாலு ஊர். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சொந்தக்காரர் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள்.

எங்களுக்கு இன்னொரு சமாதானமும் இருந்தது. கோபுரத்தில் நாலு திசைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோம். படுக்கையில் கிடக்கிறவர்களும் ஆராதனையில் கலந்துகொள்ளலாம் என்று சொல்லித்தான் அதற்குப் பணம் பிரித்தோம். ஆச்சி 500 ரூபாய் கொடுத்திருக்கிறார், நோட்டில் இருக்கிறது. கட்டிலில் கிடந்தபடி அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். திருவிருந்துக்கு வரச்சொல்லி ஐயர் அழைப்பதும் மாதம் தவறாமல் காதில் விழுந்திருக்கும். அப்பமும் ரசமும் ஒலிபெருக்கி வழியாகப் போகாது. நோயாளிக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும் முறைமை 1549-ல் வந்த இங்கிலாந்துச் சபையின் முதல் ஜெபப் புத்தகத்திலேயே உண்டு. அதற்கான சின்னக் கிண்ணமும் தட்டும் எங்கள் வெஸ்டிரி அலமாரியில் ஒரு தோல் பெட்டிக்குள் இருக்கின்றன. அடக்கம் முடிந்த வாரம் திறந்து பார்த்தோம். கொக்கி துருப்பிடித்து, திருப்புளி வைத்து நெம்ப வேண்டியிருந்தது.

சங்கம் என்கிற ஏற்பாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சபை தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் இருந்து வற்புறுத்திக்கொண்டிருந்தார். திருநெல்வேலிச் சபைகள் அதைக் கேட்டு நடந்தன. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரம் ஒருநாள் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கத்தில்தான் எத்தனையோ ஊர்களில் உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்தது. 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, வெள்ளாளன்விளைக்காரரான அசரியா தெலுங்கு நாட்டுக்கு ஊழியம் போனது இப்படிச் சேர்ந்த காசின் பலத்தில்தான். 1912-ல் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகத் தோர்ணக்கல்லில் அமர்ந்தார். சம்பளத்துக்கும் கரண்டு பில்லுக்கும் இன்றைக்கும் பணம் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் நான் நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சங்கம் என்ற சொல்லுக்கு எங்கள் வட்டாரத்தில் பழைய பொருள் ஒன்று உண்டு. 1830-ல் மிஷனெரியான ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தரும சங்கம் ஏற்படுத்தினார். கிறிஸ்தவர்களானதால் அடிபட்டு, ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் குடியிருப்பும் வாங்கித் தருவதற்கான சங்கம் அது. ஓடிவந்தவன் ஒண்ட ஒரு கூரை என்பதுதான் அன்றைக்கு அதற்கு அர்த்தம். இன்று 'சங்கம் கட்டிட்டியா?' என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் பணம்தான் ஞாபகம் வரும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சங்கம் பாக்கி இல்லாதவர்தான் வாக்காளர் பட்டியலில் வருவார். அதனால் திருமண்டலத் தேர்தல் வருகிற வருஷம் எங்கள் சபையில் பாக்கியே நிற்காது. யாரோ ஒரு புண்ணியவான் பத்து இருபது குடும்பத்துக்குச் சேர்த்து, பெயர் சொல்லாமல், கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கட்டிவிடுவார். நானும் முகத்தைப் பார்க்காமல் ரசீது போட்டிருக்கிறேன். அந்த மாதிரி வருஷத்தில் ஆச்சி இறந்திருந்தால் மணி எட்டு மணிக்கே அடித்திருக்கும். அவர் இறந்தது தேர்தல் இல்லாத வருஷம்.

ஞாயிறுதோறும் ஆராதனையின் ஆரம்பத்தில் நாங்கள் பொதுப் பாவ அறிக்கை சொல்லுகிறோம். 1552-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி நாக்குக்கு அது மனப்பாடம். தாமதமாக வருகிறவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, அது முடிந்து எல்லோரும் முழங்காலில் இருந்து எழுந்திருக்கும்போது உள்ளே நுழைவார்கள், அது தனி வழக்கம். இத்தனை வருஷம் சொல்லியும் ஒன்றை நான் கவனித்ததில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் அதில் முதலில் வருகிறது. செய்யக்கூடாததைச் செய்தது அதற்குப் பிறகுதான். நாங்கள் குடியையும் விபசாரத்தையும் சினிமாவையும் நினைத்துக்கொண்டு முழங்காற்படியிட்டோம். செய்யாமல் விட்டதைச் சொல்லும் வாக்கியத்தை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிட்டோம்.

வேதத்தில் சபைக்குள் வந்த முதல் முறுமுறுப்பும் இந்த ரகம்தான். அப்போஸ்தலர் 6. எருசலேமில் தினமும் பந்தி விசாரித்த இடத்தில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். யாரும் அவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதாக லூக்கா எழுதவில்லை. அவர் போட்டிருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு, ஆளைப் பார்த்த கண் அப்படியே தாண்டிப் போய்விடுவது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது அந்த ஒரே இடத்தில்தான். பன்னிரண்டு பேரும் அதற்கு என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, விசாரணைக் கமிட்டி போடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு மாறி வந்தவர். யார் வீட்டு விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் கமிட்டியில் பன்னிரண்டு பேர். அதில் சிமெண்டு வீடு இல்லாதவர் ஒருவரும் இல்லை, விதவை ஒருவரும் இல்லை.

அந்த அதிகாரத்திலிருந்து எங்களுக்கு மனப்பாடமாக இருப்பது ஒரே ஒரு வசனம். வசனத்தைப் போதிப்பதை விட்டுப் பந்தி விசாரிக்கப் போவது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொன்னது. ஐயர் ஏன் வீடுகளுக்கு வருவதில்லை என்று யாராவது கேட்டால் எடுத்துப் போடுவதற்கு வசதியாக அதை வைத்திருக்கிறோம். பந்தி விசாரிக்கப் போன ஸ்தேவான்தான் அடுத்த அதிகாரத்தில் முழு வேதத்தையும் எடுத்துப் பிரசங்கித்து, முதல் இரத்தசாட்சியாக விழுகிறார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரமே ஒரு விதவையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷத்துப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. பிராமண விதவை, ஒரு ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதனால் மிஷனெரியான சுவார்ட்சு ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1785-ல் பிரதிஷ்டையான கோயில் அந்த அம்மாள் முயற்சியில் எழும்பியது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் பெயர். ஸ்தாபகர் நாள் வந்தால் நாங்கள் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டு அவர் கதையை நாடகம் போடுகிறோம். முதலில் மறுத்ததை நாடகத்தில் விட்டுவிடுவோம். நேரம் போதாது என்பார்கள்.

கணக்குப் பிள்ளை என்பதால் எனக்கு ரோமர் 4-ஆம் அதிகாரம் பிடிக்கும். ஆபிரகாமுக்கு நீதி என்று எண்ணப்பட்டது, எண்ணப்பட்டது என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்லுகிறாரே, மூலத்தில் அது பேரேட்டில் வரவு வைக்கிறவர்களின் சொல். அந்த ஒரு அதிகாரத்தில் மட்டும் 11 தடவை வருகிறது. வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கூலி, அது கொடுத்தே தீரவேண்டிய கடன். கிருபை அந்தக் கணக்கில் வராது. இதை நான் லெந்து நாள் கூட்டத்தில் பேசியே இருக்கிறேன். பேசி முடித்து, வீட்டுக்கு வந்து, அதே ராத்திரி சங்க நோட்டில் சிவப்பு வட்டம் போட்டிருப்பேன். எங்கள் ஊரில் 'எப்படி இருக்கீக?' என்று கேட்டால் 'கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்' என்பதுதான் பதில். மூன்று வீட்டுக்குக் கிருபை இல்லம் என்று பெயர். அதில் ஒன்று எங்கள் வீடு.

பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார் பவுல். நானே கொடுத்துத் தீர்ப்பேன் என்பதை எழுத்தரிடம் விடாமல் தன் கையாலேயே எழுதுகிறார். ஜெயிலில் கிடக்கிற மனுஷன் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அது. அன்று காலை என் சட்டைப்பையில் 2,000 ரூபாய் இருந்தது. 1,200-ஐயும் அசன வரியையும் நானே போட்டுவிட்டு மணியை அடிக்கச் சொல்லியிருக்கலாம். இது பிறகு தோன்றிய யோசனை என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அப்போதே தோன்றியது. ஒருவருக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டிவரும் என்று நினைத்தேன்.

உபாகமம் 21-ல் விநோதமான ஒரு சடங்கு வருகிறது. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றது யார் என்று தெரியவில்லை. மூப்பர்கள் வந்து பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு அளக்க வேண்டும். கிட்டத்தில் எந்த ஊரோ அந்த ஊர் மூப்பர்கள், நுகத்தில் பூட்டாத ஒரு கிடாரியைத் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கில் கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, இதை எங்கள் கைகள் செய்யவில்லை, எங்கள் கண்கள் காணவுமில்லை என்று சொல்ல வேண்டும். கொலைகாரனைப் பிடிப்பதற்கான ஏற்பாடாக அது தெரியவில்லை. கிட்டத்தில் இருந்தவன் நீ, வந்து நின்று பதில் சொல் என்கிறது சட்டம்.

நான் அளந்து பார்த்தேன். ஆச்சி வீட்டு நடையிலிருந்து கோயில் வாசல் வரை 386 எட்டு. அந்த மூப்பர்களைப்போல, கண்கள் காணவில்லை என்று எங்களால் சொல்ல முடியாது. சங்கம் பிரிக்க அந்தத் தெருவில் நான் போயிருக்கிறேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருக்கும். வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பேன், பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவேன். நோட்டில் ஆச்சியின் பக்கத்தில் பென்சிலால் 'பிறகு' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. பதில் சொல்ல அவர் தலையணையிலிருந்து நிமிரவே அவ்வளவு நேரம் ஆகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்த அக்கா எங்கள் சபை இல்லை. அம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற வீடு. ஆச்சியைக் குளிப்பாட்டியதும் கஞ்சி கொடுத்ததும் பதினான்கு மாதமும் அவர்தான். ரேஷன் அரிசியை வாங்கிவந்து அங்கேயே உலை வைப்பாராம். மறுநாள் வீட்டை ஒதுங்கவைக்கப் போனபோது, கட்டிலுக்கு அடியில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்று இருந்தது. கழுத்துவரை அரிசி. வண்டு விழுந்து, மாவு பூத்து, வாடை அடித்தது. கோழிக்கு வைத்திருந்ததா என்று கேட்டேன்.

"கோயிலுக்குள்ளது அண்ணாச்சி. நான் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கை அதுல போடச் சொல்லும். ஒரு நாளு மறந்துட்டாலும் கேட்டுரும். வாங்க ஆளு வருவாகன்னு சொல்லும். இத எடுத்துப் பொங்கட்டுமான்னு கேட்டா விடவே விடாது."

கைப்பிடி அரிசி வாங்குவதை நாங்கள் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாருக்கும் வீடுவீடாகப் போக நேரமில்லை, வாங்கின அரிசியை விற்பதும் தொல்லை, ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்று தீர்மானம். மினிட்ஸ் புத்தகத்தில் ஏகமனதாக நிறைவேறியது என்று இருக்கிறது. கோயிலில் இரண்டு வாரம் அறிவிப்பும் வாசித்தோம். ஆச்சிக்கு அது காதில் விழவில்லையா, விழுந்தும் நம்பவில்லையா, தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்த அரிசியை அள்ளிப் போட்ட கை எங்கள் சபைக் கையும் இல்லை. தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை 3,000-க்கு எடுத்துக் கை தட்டுகிறவர்கள் நாங்கள். அந்த டின்னை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் தூக்கி வைத்துவிட்டு நின்றோம். கடைசியில் தங்கை மகன்தான் தெருக்கோழிகளுக்குக் கொட்டினார். சங்கம், அசனம், கட்டடம், கன்வென்ஷன், தோத்திரக் காணிக்கை என்றெல்லாம் என் நோட்டில் ஏழு கலம் இருக்கிறது. அரிசிக்கு இருந்த கலத்தை அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு நானே கோடு போட்டு அடித்திருந்தேன். ஆள் வந்தாரா, வரவில்லையா என்று குறிக்க எப்போதும் கலம் இருந்ததில்லை.

அடுத்த கமிட்டியில் இதையெல்லாம் பேசினோம். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர், இப்படிப் பார்த்தால் சபையை நடத்த முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது. கோயிலுக்கு வரமுடியாமல் வீட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதினோம், 11 பேர். அடக்கத்துக்குமுன் பாக்கி கேட்பதில்லை என்ற தீர்மானத்தை ஒருவர் கொண்டுவந்தார். வாசகத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அதற்கு அடுத்த கூட்டம் அசனத்துக்கு ஆடு வாங்குவதைப் பற்றியது.

பட்டியல் எழுதி ஏழு மாதம் ஆகிறது. நாலு வீட்டுக்குப் போயிருக்கிறோம். நாலாவது வீட்டில் ஐயர் திருவிருந்து கொடுத்தபோது அந்தத் தாத்தா கையை நீட்டாமல், "சங்கம் பாக்கி இருக்கே ஐயா" என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எப்படியோ வாங்கிக்கொண்டார். மீதி ஏழு பெயர் என் வேதாகமத்துக்குள் மடித்த தாளில் இருக்கிறது.

ஏப்ரலில் ஆடிட் வந்தது. மேல் இடத்திலிருந்து வந்தவர் நல்ல மனுஷர், காபிகூடக் குடிக்காமல் காலையிலிருந்து மூன்று மணிவரை ஒவ்வொரு அடிக்கட்டையாகப் பார்த்தார். ஆச்சியின் ரசீது எண்ணை நோட்டோடு ஒத்துப் பார்த்தார், தொகை சரி, தேதி சரி. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்" என்றார். அந்தப் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.